குடித்தவளுக்குத்தான் வழக்கு

பலுப்பியிடம் வழக்கு கொண்டுவருகிறவர்கள் உட்கார்ந்ததும் அழுவார்கள், இல்லையென்றால் எதிராளியின் ஏழு தலைமுறையையும் திட்டுவார்கள். துமிரா இரண்டையும் செய்யவில்லை. முதுகுக்கூடையை இறக்கினாள். எட்டு பாட்டில் ஜாமுக் கஷாயத்தில் ஒன்றைக் குலுக்கித் திறந்து கிளாஸில் பாதி ஊற்றினாள். வக்கீலின் கோப்புகளை ஒதுக்கிவிட்டு மேஜை நடுவில் வைத்தாள்.

"முதல்ல இதக் குடிங்க தங்கச்சி. கண்ணுக்குக் கீழ கரி பூசின மாதிரி இருக்கு. சட்டம் அப்புறம் பேசலாம்."

நிலவேம்பு. பலுப்பிக்குக் காது வரை கசந்தது. அவள் முகம் கோணுவதற்குள் கச்சோலக் கிழங்கும் கருப்பட்டியும் சேர்த்த இனிப்பு ஜாமு ஒரு மடக்கு வந்துவிட்டது. கசப்பைக் கொடுத்தவளே இனிப்பையும் கொடுக்க வேண்டும் என்பது ஜாமுக்காரிகளின் ஒழுங்கு. இலவச சட்ட உதவி என்று பலகை மாட்டி, ஜெராக்ஸ் கடை மாடியில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்த பலுப்பிக்கு, கட்சிக்காரர் ஒருவர் தனக்கு வைத்தியம் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பிறகு துமிரா இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். மூலிகைத் தூள். பச்சை எழுத்தில் 'ஆயெம்' என்று போட்டிருந்தது. மனசு குளிர்ந்து அடங்கிக் கிடப்பதற்கு அவர்கள் பாஷையில் அதுதான் சொல். அடியில் மருந்து வாரியம் கொடுத்த அனுமதி எண்.

"இந்த நம்பரைப் பிடுங்கணும்."

"யாருக்காவது உடம்புக்கு ஏதாவது ஆச்சா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் புருஷனுக்கு எங்க மகளை மறந்துபோச்சு."

மகள் கினந்திக்குப் பதினோரு வயது. போன மழைக்காலத்தில் டெங்கு வந்து ஐந்தே நாளில் போய்விட்டாள். புருஷன் சர்ஜோனோ பஞ்சர் கடை வைத்திருப்பவன். மகள் போனதிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. சுகாதாரத் தொண்டர் என்று ஊரில் சுற்றுகிற பெண்மணி ஒரு டப்பா ஆயெம் கொண்டுவந்து கொடுத்தாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டாம் நாளே தூங்கினான். நான்காம் நாள் அழுகை நின்றது. அப்பாடா என்று துமிரா அந்தத் தொண்டருக்கு ஒரு பாட்டில் ஜாமு சும்மாவே கொடுத்தாள். பிறகு ஒரு காலை, "நாளைக்குப் புள்ளைக்கு நாற்பதாம் நாள், யார் யாரைக் கூப்பிடறது?" என்று கேட்டாள். அவன் சிரித்த முகத்தோடு, "எந்தப் புள்ளைக்கு?" என்றான்.

துக்கம் மனிதர்களை என்னென்னவோ செய்யும் என்று பலுப்பி நினைத்தாள். நினைத்தது முகத்தில் தெரிந்துவிட்டது.

"பைத்தியம்னு நினைக்கறீங்க. நினைங்க, தப்பில்ல. ஒரு நடை ஊருக்கு வந்து பார்த்துட்டு நினைங்க."

பலுப்பி அந்த ஊருக்குப் போனது நோன்பு மாதத்துக்கு முந்தைய வாரம். கல்லறைகளைச் சுத்தம் செய்கிற நாள். எந்த ஊரிலும் அன்றைக்கு மயானத்தில் கால் வைக்க இடமிருக்காது. துடைப்பமும் அரிவாளும் அப்பத் தட்டும் குழந்தைகளின் கூச்சலுமாகத் திருவிழா மாதிரி இருக்கும். துமிராவின் ஊரான கராங்வுங்கு மயானத்தில் புல் முழங்கால் உயரம் நின்றது. நடுவில் துமிரா மட்டும் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தாள். ஊருக்குள் யார் வீட்டிலோ பாட்டு போட்டு, ஆட்கள் சிரிப்பது அங்கே வரை கேட்டது.

மயானத்து ஒற்றையடிப் பாதையில் ஒரு கிழவர் சைக்கிளில் வந்தார். கால் ஊன்றி நின்றார்.

"என்னம்மா, வெயில்ல புல்லறுக்கறே? ஆடு வாங்கிட்டியா? சொல்லவே இல்லையே!"

"விர்யோ மாமா, இங்க கொஞ்சம் வாங்க. இந்தக் கல்லுல என்ன எழுதியிருக்கு? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

கிழவர் இறங்கி வந்தார். குனிந்து, பாசியைக் கட்டைவிரலால் தேய்த்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். "சு... லஸ்மி. சுலஸ்மி. நல்ல பேரு. நம்ம ஊர்க்காரங்களா?"

"தெரியல மாமா."

"யாரு பெத்ததோ, பாவம்." கையைத் துடைத்துக்கொண்டு, பாட்டை முணுமுணுத்தபடி சைக்கிளை மிதித்துப் போனார்.

துமிரா அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தங்கச்சி, அது அவரு முப்பத்தொன்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த பொண்டாட்டி. தினமும் சண்டை. அவங்க போனன்னைக்கு இந்த மனுஷன் குழிக்குள்ள குதிக்கப் பார்த்தாரு, நாலு பேர் பிடிச்சோம்."

பலுப்பி ஒரு பிடி புல்லைப் பிடுங்கிவிட்டு அதை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

பஞ்சர் கடையில் சர்ஜோனோ எழுந்து நின்று வரவேற்றான். நல்ல நிறம், நல்ல சதை, தெளிந்த கண். நன்றாகத் தூங்குவதாகச் சொன்னான். இவ்வளவு நிம்மதியான ஆளைப் பலுப்பி சமீபத்தில் எங்கேயும் பார்த்ததில்லை. சுவர் ஆணியில் சிறுமிகள் ஓட்டுகிற ரோஜா நிற சைக்கிள் ஒன்று தொங்கியது.

"அது யாருது?"

"யாரோ ரிப்பேருக்கு விட்டுட்டுப் போனது மேடம். வரவே மாட்டேங்கறாங்க. நான் வாரத்துக்கு ஒரு தடவை காத்தடிச்சு வைக்கறேன். திடீர்னு வந்து கேட்டா?"

பலுப்பி குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினாள். மூன்று பெயர்கள் இருந்தன. அவன் மூன்றாவது பேரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஆபீஸ்ல தப்பா ஏத்தியிருப்பாங்க. நம்ம ஆபீஸ் லட்சணம் தெரியாதா?"

திரும்பி நடக்கும்போது துமிரா மீதியையும் சொன்னாள். விடியுமுன்னே எழுந்து அரைத்து, மதியம் வரை விற்றுவிட்டு, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கண்ணயர்வது அவள் வழக்கம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் வருகிறார்கள். முதலில் கினந்தி மட்டும் வந்தாள். அதில் அதிசயம் இல்லை, செத்தவர்கள் கனவில் வருவார்கள், வீட்டார் பூ எடுத்துக்கொண்டு போய் ஓதிவிட்டு வருவார்கள். பிறகு சுலஸ்மி அக்கா வந்து, கூரையில் நாலு ஓடு மாற்றச் சொல்லு என்றாள். அப்புறம் பழைய தபால்காரர். அப்புறம் பிறந்த அன்றே போன குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரோ ஒருத்தி.

"வீட்டுல ஆள் இருந்தும் கதவு திறக்கலன்னா வந்தவங்க என்ன பண்ணுவாங்க? பக்கத்து வீட்டைத் தட்டுவாங்க. ஊர்ல ஆயெம் குடிக்காதவ நான் ஒருத்திதான். ஒரு ஜாமுக்காரி இன்னொருத்தி காய்ச்சினதக் குடிக்க மாட்டா, அதனால தப்பிச்சேன். நேத்து முப்பது பேர் தங்கச்சி. கடைசியில நிக்கறா என் புள்ள. எட்டி எட்டிப் பார்க்கறா. கூட்டத்துல என்கிட்ட வர முடியல."

பலுப்பி வழக்கை எடுத்துக்கொண்டாள்.

கனவைக் கோர்ட்டில் வைக்க முடியாது. ஆனால் அனுமதிக் கோப்பை எடுத்துப் பார்த்ததும் பலுப்பிக்கு உள்ளங்கை அரித்தது. பதினோரே நாளில் அனுமதி. சேர்மானப் பட்டியலில் ஆறு பொருளுக்குச் செடியின் பேர் இருந்தது. ஏழாவதற்கு 'மலை வேர்' என்று மட்டும். எந்த மலை, எந்த வேர் என்று வாரியம் கேட்கவே இல்லை. பேரில்லாத பொருளுக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்பது வாரியத்தின் சொந்த விதி. உள்ளே போய்விட்டால் வழக்கு ஜெயித்த மாதிரிதான். வாசலில் நிற்பதுதான் பாடு.

ஏனென்றால் நிர்வாக நீதிமன்றத்தில் முதல் கேள்வி, இதைக் கேட்க நீ யார் என்பது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நாம் சொல்வதைச் சட்டம் ஒரு படி மேலே கொண்டுபோய்விட்டது. தனக்கு வந்தால்தான் கேட்கவே முடியும். ஊருக்காகக் கேட்கிறேன், புருஷனுக்காகக் கேட்கிறேன், செத்தவர்களுக்காகக் கேட்கிறேன் என்பதெல்லாம் செல்லாது.

பலுப்பி ஒரு வழி வைத்திருந்தாள். துமிரா ஜாமு விற்கிறவள், ஆயெம் வந்ததிலிருந்து அவள் வியாபாரம் மூன்றில் ஒன்றாகிவிட்டது. போட்டிச் சரக்குக்குத் தப்பான அனுமதி, அதனால் என் பிழைப்புக்கு நேரடியாக அடி. இதைவிடச் சுத்தமான பாதிப்பு கிடையாது. நீதிமன்றம் இருக்கிற செமாராங்குக்குப் போகும் பஸ்ஸில் வழி முழுக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். துமிராவும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

தலைமை நீதிபதி மூக்கின் நுனியில் கண்ணாடி போட்ட பெண்மணி. சாந்தமாகக் கேட்டார். "இந்த மருந்து வந்ததால உங்க வியாபாரம் குறைஞ்சதாம்மா?"

"குறைஞ்சதும்மா."

பலுப்பி மூச்சை விட்டாள்.

"ஆனா அதுக்கு நான் இங்க வரல."

"அப்படின்னா?"

"அவங்கவங்க பங்கு அவங்கவங்களுக்கு. மேல இருக்கிறவன் அளந்து போட்டது. அடுத்தவன் பானை பொங்குதுன்னு நான் கோர்ட்டு ஏறினா, நாளைக்கு என் பாட்டிலை எவ தொடுவா? என் பிழைப்புக்கு ஒரு குறையும் இல்லன்னு எழுதிக்கோங்கம்மா."

நீதிபதியும் அந்த மண்ணில் பிறந்தவர்தான். அவர் அம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பார். மெல்லத் தலையசைத்தார். ஆயெம் தயாரிக்கிற கம்பெனியின் வக்கீல் கொழுத்த சிரிப்போடு, "வாதி சொன்னதை அப்படியே பதிவு பண்ணணும்," என்றார். பதிவானது. வேறு பாதிப்பு இருந்தால் காட்டுங்கள் என்று முப்பது நாள் அவகாசம் கொடுத்தார்கள்.

வராந்தாவில் பலுப்பி பொரிந்தாள். "ஒரே ஒரு வார்த்தைக்கா! ஆமான்னுட்டு வாயை மூடியிருந்தா கதவு திறந்திருக்கும். பொய்கூட இல்லையே!"

"பொய் இல்ல தங்கச்சி. அசிங்கம்."

அடுத்த பத்து நாளும் குடித்தவர்களைத் தேடி வீடு வீடாக ஏறினார்கள். எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள், வறுத்த மரவள்ளி கொடுத்தார்கள். எல்லாருக்கும் நன்றாகத் தூக்கம் வந்தது. ஒரு வீட்டில் ஆணின் சட்டைகள் ஏழெட்டு கொடியில் தொங்கின. அந்த வீட்டு அம்மாள் அவற்றை வாராவாரம் துவைத்துப் போடுவதாகவும், எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை என்றும் ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். வழக்குப் போடலாமா என்று கேட்டபோது, "எனக்கு என்ன குறை?" என்றாள். எல்லா வீட்டிலும் அதே சிரிப்பு, அதே பதில்.

பஸ் நிறுத்தத்தில் பலுப்பி செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, எரிச்சலில் சொன்னாள். "குடிச்சவங்க யாரும் குறை சொல்ல மாட்டேங்கறாங்க. குறை சொல்ற நீங்க குடிக்கல. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்திருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல பிற்பாடு அவளுக்கு எத்தனையோ முறை தோன்றியிருக்கிறது. அப்போது தோன்றவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது துமிரா தனியாக வந்தாள். கூடையில் பாட்டில்கள் இல்லை. ரசீதோடு மூன்று பொட்டலம் ஆயெம் இருந்தது.

"மூணே மூணு. நீங்க பார்க்க ஒண்ணு இங்கயே குடிக்கறேன். நாளைக்கு ஒண்ணு, மறுநாள் ஒண்ணு. அவருக்கு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு மறக்க, அதுவும் ஒரு நாளைக்கு ரெண்டு குடிச்சு. மூணுக்கு ஒண்ணும் ஆகாது. மேல இளநீரைக் குடிச்சா முறிஞ்சிடும். இருபது வருஷமா இதே தொழில், எனக்குத் தெரியாதா? அப்புறம் நானும் குடிச்சவதானே. நான் கேட்க முடியாதுன்னு எவன் சொல்வான்?"

"வேண்டாங்கா."

"வேற வழி இருக்கா? இருந்தா சொல்லுங்க."

இல்லை. இருந்தாலும் தடுத்திருக்கலாம். பொட்டலத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்திருக்கலாம். ஆசை யாரை விட்டது? பலுப்பிக்கும் அந்த வழக்கு வேண்டியிருந்தது. அந்த ஏழாவது பொருளை நினைத்தால் அவளுக்கு இன்னும் கை அரித்தது. வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள், மூன்றாம் தடவை சொல்லவில்லை.

"அப்போ முதல்ல கினந்தியைப் பத்தி எல்லாத்தையும் சொல்லுங்க. எழுதி வச்சுக் கையெழுத்து வாங்கிடறேன்."

துமிரா சொல்லத் தொடங்கினாள். கினந்தி குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலில் நடப்பாள். சோற்றில் சோயா சாறு தவிர எதையும் ஊற்ற விடமாட்டாள். தலைமை ஆசிரியர் பேரைப் பூனைக்கு வைத்து, அவர் தெருவில் போகும்போது சரியாகக் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள், "அம்மா, அந்தத் திரை நாறுது, ஜன்னலைத் திற," என்றாள். ஜன்னல் திறக்க வரவில்லை. ஆளைக் கூப்பிட வெளியே போய்த் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் துமிரா முதல் முறையாக அழுதாள். வாய் விட்டு, கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் ஏறி வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். ஆறு பக்கம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு முகம் கழுவி, வெந்நீரில் பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கி, தொழில்காரியின் கவனத்தோடு நாக்கில் வைத்தாள். "இஞ்சி. கச்சோலம். பட்டை, அதுவும் பழசு. நிலவேம்பு கொஞ்சம். காட்டு மஞ்சள். அதிமதுரம்." நின்றாள். இன்னொரு மடக்கு குடித்துப் பார்த்தாள். "இன்னொண்ணு இருக்கு. ஆனா அது நாக்குல படற இடத்துல நாக்கே இல்லாத மாதிரி இருக்கு தங்கச்சி."

மறுநாள் மாலை போன் வந்தது. எல்லாம் நினைவிருக்கிறதென்று ஒப்பித்தாள். பூனை பேர் உட்பட. "இன்னைக்குக் கூட்டம் பாதிதான் வந்துச்சு. சுலஸ்மி அக்காவைக் காணோம். கினந்தி நடுவுல வந்துட்டா."

அதற்கடுத்த நாள் அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டுப் பலுப்பிக்கு என்னவோ போல இருந்தது. "நாலே பேர்தான் தங்கச்சி! எனக்கும் அவளுக்கும் இவ்வளவுதான் தூரம். தலையில பொடுகுகூடத் தெரிஞ்சுது."

"அக்கா, மூணும் முடிஞ்சுது இல்ல? போதும். நிறுத்திடுங்க."

"நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன்."

நிறுத்தவில்லை. எந்தத் தாய் நிறுத்துவாள்? மூன்று மாதமாகக் கூட்டத்தின் கடைசியில் நின்று எட்டிப் பார்த்த பிள்ளை, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு வரிசை முன்னால் வந்துகொண்டிருந்தது. சர்ஜோனோவின் டப்பா அலமாரியிலேயே இருந்தது. நான்காம் நாள் அவளே போனில் சொன்னாள், கிசுகிசுப்பாக, திருட்டுத் தின்பண்டம் தின்றவள் மாதிரி.

"இன்னைக்கு அவ மட்டும்தான் வந்தா. வேற ஒருத்தரும் இல்ல. மடியில உட்கார்ந்தா. கனம் தெரிஞ்சுது தங்கச்சி. தொடை மரத்துப்போச்சு."

"அக்கா, இளநீர் குடிங்க. மீதிய எரிச்சிடுங்க. நான் காலையில முதல் பஸ்ல வரேன்."

"இன்னும் ஒரே ஒரு தடவை. அவ ஏதோ சொல்ல வந்தா, அதுக்குள்ள முழிப்பு வந்துடுச்சு."

பலுப்பி மறுநாள் போகத்தான் கிளம்பினாள். வழியில் ஆற்றுப் பாலம் மூழ்கி, பஸ்கள் திரும்பிவிட்டன. அன்று போன் எடுக்கப்படவில்லை. அதற்கு மறுநாள் மதியம் மூன்றரைக்கு எடுத்தாள்.

"சொல்லுங்க தங்கச்சி! எப்படி இருக்கீங்க? அப்படி ஒரு தூக்கம் எனக்கு. யாருமே வரல."

"கினந்தி?"

"யாரு? உங்க ஆபீஸ்ல வேலை பார்க்கற புள்ளையா?"

அந்தப் பக்கம் துமிரா ஹலோ ஹலோ என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, சிக்னல் இல்லை போல என்று யாரிடமோ சொல்லிச் சிரித்துவிட்டு வைத்தாள். கீழே ஜெராக்ஸ் மெஷின் தாள் தாளாகத் துப்பிக்கொண்டிருந்தது.

அழுது முடித்த பிறகு, வக்கீல் புத்தி மெல்ல எழுந்து உட்கார்ந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது பாதிப்பு இருக்கிறதே. கையெழுத்திட்ட ஆறு பக்கம் ஒரு பக்கம், அதைப் பற்றி ஒன்றும் தெரியாத அதே கையெழுத்துக்காரி மறு பக்கம். இதைவிடப் பெரிய ஆதாரம் எந்த மருந்து வழக்கில் வந்திருக்கிறது? இந்த அனுமதியை உடைத்தால் ஊர் குடிப்பதை நிறுத்தும். நிறுத்தினால் ஒருவேளை எல்லாம் திரும்பி வரும். அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கோர்ட்டுக்குப் போனாள்.

துமிரா புருஷனோடு வந்தாள். இருவரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல இருந்தார்கள். அழைத்ததற்கு மரியாதையாக வந்தாளே தவிர, எதற்கு என்று அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. கன்னம் பூரித்திருந்தது. ஏறிவந்த படிக்கட்டில், பலுப்பியின் கண்ணுக்குக் கீழே கருவளையம் அதிகமாகிவிட்டதாகக் கவலைப்பட்டாள்.

பலுப்பி தன் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக வாதாடியதில்லை. ரசீது, பொட்டலம், மூன்று பேர் உள்ள குடும்ப அட்டை, இறப்புச் சான்று எல்லாம் வைத்தாள். மறதிதான் பாதிப்பு, மறந்தவரால் மறந்ததைச் சொல்ல முடியாது என்பதே அதன் ஆழம் என்றாள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "வாதி இங்கேயே இருக்கிறார். அவரைக் கேட்டுவிடலாமே? தன் சார்பில் பேச முடியாத நிலையில் இருக்கிறார் என்று வக்கீல் சொன்னால், சரி, காப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு வரட்டும். சட்டப்படி அது கணவர்."

சர்ஜோனோ தன்னைச் சொல்கிறார்கள் என்று தெரிந்து எழுந்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

நீதிபதி ஆறு பக்கத்தையும் உரக்கப் படிக்கச் சொன்னார். குமாஸ்தா படித்தார். நுனிக்கால் நடை, சோயா சாறு, பூனை. பூனை வந்த இடத்தில் துமிரா வாய்விட்டுச் சிரித்து, புருஷனை முழங்கையால் இடித்தாள். நாறுகிற திரை வந்தது. திறக்க வராத ஜன்னல் வந்தது. துமிரா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், வந்துவிட்டது, திரும்பி வந்துவிட்டது என்று பலுப்பி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா," என்றார் நீதிபதி. "இதுல இருக்கற கையெழுத்து உங்களுது. இந்த மருந்தால உங்களுக்கு ஏதாவது பாதிப்பு இருக்கா? நீங்க சொன்னா நான் வழக்கை எடுத்துக்கறேன். நீங்க வாயால சொன்னாப் போதும்."

துமிரா எழுந்து நின்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவ்வளவு பெரிய மனுஷி தன்னிடம் கெஞ்சுகிற மாதிரி கேட்கிறாரே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"எனக்கு என்ன குறை தாயே? நல்லாத் தூங்கறேன், நல்லாச் சாப்பிடறேன். ஆனா அந்தப் பொம்பளைய நினைச்சா மனசு ஆறல. இத்தனையும் எழுதி வச்சிருக்கா, இன்னைக்கு அவளைக் காணோமே? என்னைப் போய்க் கேட்டா எனக்கு என்ன தெரியும்? அந்தப் புள்ளையைப் பெத்தவளைக் கூப்பிடுங்கம்மா."